மறையூர் முனியறைகளும் நமது கடமையும்

(உலக மரபு வாரத்தையொட்டி, கல்லூரி மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



நம் நாட்டில் கண்டு வர வேண்டிய வரலாற்றுச் சின்னங்கள் யாவை என்று உங்களுள் எவரைக் கேட்டாலும் விடை தயங்காமல் வரும். தாஜ்மஹால், குதுப்மினார், அஜந்தா, எல்லோரா, ஹம்பி, மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் என்று பட்டியல் நீளும். இவையெல்லாம் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக மரபுச் சின்னங்கள் பட்டியலில் இடம் பெற்றவை. அஜந்தாவும் எல்லோராவும் தாஜ்மஹாலும் 1983-இலும், மாமல்லபுரம் 1984-இலும், ஹம்பி 1986-இலும், தஞ்சைப் பெரிய கோயில் 1987-இலும் அச்சிறப்பினைப் பெற்றன. இவற்றைக் கட்டியவர் பெயர் நமக்குத் தெரியும். அல்லது கட்டிய அரசமரபின் பெயரேனும் தெரியும். கல்வெட்டு உண்டு, சுற்றுச்சுவர் உண்டு, காவலர் உண்டு, நுழைவுச் சீட்டும் உண்டு.

இன்று நான் பேச வந்திருப்பது இவற்றுள் எதுவும் இல்லாத சில கற்களைப் பற்றி. அவற்றை எழுப்பிய தலைவனின் பெயர் தெரியாது. கல்வெட்டு இல்லை. வழிபாடு இல்லை. எனினும் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அடிக்கல் நாட்டுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்னரே அவை மலைப்பாறைகளின் மேல் நின்றுகொண்டிருந்தன. கேரள மாநிலம் இடுக்கி மாவட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டி அமைந்துள்ள மறையூரின் முனியறைகளையே குறிப்பிடுகிறேன்.

மழை மறைவு நிலம்

உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே மூணாறு செல்லும் மலைப்பாதையில் ஏறத்தாழப் பாதி வழியில் மறையூர் உள்ளது. கேரளம் என்றதும் நம் கண்முன் தோன்றும் இடைவிடாத மழையும் தென்னஞ்சோலையும் இங்கே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த முகடுகள் தென்மேற்குப் பருவக் காற்றின் ஈரத்தை மேற்குப் புறத்திலேயே இறக்கிவிடுகின்றன. மறுபுறம் இறங்கும் காற்றில் ஈரம் குறைவு. அதனால் மறையூரை அடுத்த சின்னாற்றுப் பகுதியில் முட்புதர்க் காடும் கள்ளிச் செடியும் காணப்படுகின்றன. மூணாற்றின் தேயிலைத் தோட்டங்களை நனைத்த மேகம், ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர் கீழே வருவதற்குள் வெறும் நிழலாகிவிடுகிறது.

கேரளத்தின் 44 ஆறுகளுள் கிழக்கு நோக்கி ஓடுபவை மூன்றே. கபினி, பவானி ஆகியவற்றோடு எண்ணப்படும் மூன்றாவது ஆறு, மறையூரை ஒட்டி ஓடும் பாம்பாறு. அது தமிழ்நாட்டிற்குள் இறங்கி அமராவதியோடு சேர்ந்து, இறுதியில் காவிரியை அடைகிறது. 1957-இல் கட்டி முடிக்கப்பட்ட அமராவதி அணையின் நீரில் மறையூர் மலைகளின் மழையும் கலந்திருக்கிறது. கொங்கு நாட்டின் வயல்களுக்கும் இம்மலைகளுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று.

மக்களின் உறவும் அத்தகையதே. மறையூர், காந்தளூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய நிலப்பகுதி அஞ்சுநாடு என்று வழங்கப்படுகிறது. இவ்வூர்களின் பழங்குடும்பத்தினர் தம் முன்னோர் மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகக் கூறி வருகின்றனர். மலையை அறிந்த முதுவர், மலைப்புலையர் ஆகிய பழங்குடியினரும் இங்கு வாழ்கின்றனர். 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தில் அமைந்தது. 1972-இல் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று. நாம் வகுத்த எல்லைகளின் வயது இவ்வளவே. முனியறைகளை எழுப்பியவர்களுக்கு இந்த எல்லை தெரியாது.

முனியறை என்பது யாது?

மறையூரிலும், அதனை அடுத்த கோவில்கடவிலும், பாம்பாற்றின் இரு பக்கத்துப் பாறைக் குன்றுகளிலும் இச்சின்னங்களைக் காணலாம். அமைப்பு மிக எளியது. மூன்று அல்லது நான்கு கற்பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தி, அவற்றின் மேல் ஒரு பெரிய பலகையைக் கிடத்தியிருக்கிறார்கள். பார்ப்பதற்குச் சிறிய கல்வீடு போலத் தோன்றும். தொல்லியலார் இதனைக் கல்திட்டை என்பர். இதே அமைப்பை மண்ணுக்குள் புதைத்துக் கட்டியிருந்தால் அதற்குக் கற்பதுக்கை என்று பெயர். பதுக்கை என்னும் சொல் சங்க இலக்கியத்திலேயே வழங்குகிறது. பாலை வழியில் இறந்து வீழ்ந்தோர் மேல் குவித்த கற்குவியலை அகநானூறும் புறநானூறும் அச்சொல்லால் குறிக்கின்றன. இறந்தோரை நினைவில் நிறுத்தக் கல்லைத் தேடிய வழக்கம் தமிழ் மண்ணில் எத்துணைத் தொன்மையானது என்பதற்கு இச்சொல்லே சான்று.

எளிய அமைப்பு என்றேன்; எளிய வேலை என்று கொள்ள வேண்டா. இரண்டு மீட்டர் நீளமும், ஒன்றரை மீட்டர் அகலமும், பதினைந்து சென்டிமீட்டர் கனமும் உடைய ஒரு கருங்கல் பலகையை எண்ணிப் பாருங்கள். அதன் எடை ஏறத்தாழ 1,200 கிலோ. இருபது பேர் சேர்ந்து சுமந்தாலும் ஒவ்வொருவர் பங்குக்கும் 60 கிலோ வரும். முதலில் பாறையில் இயல்பாகப் பிளவுபடும் அடுக்கைக் கண்டறிய வேண்டும். அதனை உடையாமல் பெயர்க்க வேண்டும். சரிவில் நகர்த்த வேண்டும். சுவர்க் கற்கள் சாயாதபடி நிறுத்தி, அவற்றின் தலைமேல் மூடுகல்லை ஏற்ற வேண்டும். பலர் கூடி, ஒருவர் சொற்கேட்டு, பல நாள் உழைத்தாலன்றி இது நடவாது. அவ்வளவு நாட்களும் அவர்களுக்குச் சோறு போட ஒரு சமுதாயத்திடம் தானியம் மிச்சமிருந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு முனியறை என்பது, உணவு மிகுதியும் வேலைப் பகிர்வும் தலைமையும் உடைய ஒரு சமுதாயம் அங்கு வாழ்ந்தது என்பதற்கு அடையாளம். எழுத்தில்லாத ஆவணம் என்று இதனைச் சொல்லலாம்.

கதையும் ஆய்வும்

மக்கள் இவற்றை முனியறை என்று அழைக்கின்றனர். முனிவர்கள் தவம் செய்த அறை என்பது பொருள். வனவாசத்தின்போது பாண்டவர்கள் இங்கே மறைந்து வாழ்ந்தார்கள் என்றும், அதனாலேயே மறையூர் என்னும் பெயர் வந்தது என்றும் ஒரு கதை உண்டு. இத்தகைய கதை மறையூருக்கு மட்டும் உரியதன்று. மலபாரில் இத்தகைய சின்னங்களைத் தோண்டி ஆராய்ந்த பாபிங்டன் என்னும் ஆங்கிலேயர் 1823-இல் வெளியிட்ட கட்டுரையில், அங்குள்ள மக்கள் அவற்றைப் பாண்டவர் குழி என்று வழங்கியதைத் தலைப்பிலேயே குறித்தார். கர்நாடகத்தின் ஹிரேபெணகல் என்னும் இடத்தில் உள்ளவற்றை மக்கள் மோரியர் வீடு என்கின்றனர். யார் கட்டியது என்பது மறந்துபோன பின், மக்கள் தாம் அறிந்த பெரியோர் பெயரை அவற்றுக்குச் சூட்டினர். அக்கதைகளை நகைத்து ஒதுக்க வேண்டா. முனிவர் அறை என்ற மதிப்பும் அச்சமுமே இக்கற்களை இத்தனை நூற்றாண்டுகள் காத்தன.

இன்னொரு மயக்கத்தையும் இங்கே நீக்கிக்கொள்வது நல்லது. பெருங்கற்காலம் என்ற பெயரைக் கேட்டுச் சிலர் இவற்றைக் கற்கால மனிதனின் வீடுகள் என்று எழுதிவிடுகின்றனர். பெரிய கற்களால் ஆன ஈமச்சின்னங்களை எழுப்பிய காலம் என்பதே அப்பெயரின் பொருள். அம்மக்கள் இரும்பை நன்கறிந்தவர்கள். தென்னிந்தியாவில் இப்பண்பாடு பொதுவாகக் கி.மு. 1000-க்கும் கி.பி. 300-க்கும் இடைப்பட்டதாகக் கொள்ளப்பட்டு வந்தது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றங்கரையில் உள்ள கொடுமணலில் நடந்த அகழாய்வுகளில், கற்பதுக்கைகளிலிருந்து இரும்புப் படைக்கலங்களும், சூதுபவள மணிகளும், கறுப்பு-சிவப்பு மட்கலங்களும் வெளிப்பட்டன. அவ்வூர் மக்கள் வாழ்ந்த பகுதியில் தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்தன.

மறையூருக்குக் கிழக்கே பழனி மலைகளிலும் கல்திட்டைகள் பல உள்ளன. அவற்றைப் பற்றி ஆங்கிலேடு, நியூட்டன் ஆகிய இருவர் எழுதிய ஆய்வை இந்தியத் தொல்லியல் துறை 1928-இலேயே தனி நூலாக வெளியிட்டது. சமவெளியின் கொடுமணலையும், பழனி மலையையும், மறையூரையும், அதற்கு அப்பால் மேற்குக் கடற்கரையையும் ஒருசேர நோக்கும்போதுதான் இச்சின்னங்களின் முழுப்பொருள் விளங்கும். மலைக்கும் சமவெளிக்கும் இடையே மனிதர் ஓயாது நடந்திருக்கின்றனர். நாட்டின் வரலாற்றை அரசர் தலைநகரங்களில் மட்டும் தேடினால் இந்த நடையின் தடம் தெரியாது போகும்.

மறையூர்க் காட்டில் இவற்றோடு பாறை ஓவியங்களும் உள்ளன. எழுத்துக் குகை என்று மக்கள் அழைக்கும் பாறை ஒதுக்கில், செங்காவி நிறத்தில் மான் போன்ற விலங்குகளின் உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன. வயநாட்டின் எடக்கல் குகையில் இருப்பவை பாறையில் செதுக்கிய உருவங்கள். மறையூரில் இருப்பவை வண்ணம் கொண்டு எழுதியவை. ஒரே சிற்றூர் வட்டாரத்தில் கல்திட்டையும் பாறை ஓவியமும் சேர்ந்து கிடைப்பது ஆராய்ச்சியாளருக்கு அரிய வாய்ப்பு.

கல்லுக்கு அடியில் ஒரு கடிகாரம்

இங்கே மாணவ நண்பர்கள் ஒரு கேள்வியை எழுப்பலாம். ஒரு கல்திட்டை சரிந்தால் என்ன? அதே கற்களை மீண்டும் எடுத்து நிறுத்திவிட முடியாதா? நியாயமான கேள்வி. விடை தொல்லியல் அறிவியலில் இருக்கிறது.

மண்ணிலுள்ள குவார்ட்சு மணிகள் இருளில் புதைந்திருக்கும்போது, சுற்றுப்புறத்தின் இயற்கைக் கதிர்வீச்சால் சிறிது சிறிதாக ஆற்றலைச் சேமித்துக்கொள்கின்றன. வெயில் பட்டவுடன் அச்சேமிப்பு வெளியேறிவிடுகிறது. ஆகவே ஒரு நிறுத்து கல்லின் அடிமண்ணை இருளிலேயே எடுத்து ஆய்வுக் கூடத்தில் சோதித்தால், அம்மண் கடைசியாக வெயிலைக் கண்டது எப்போது, அதாவது கல் நாட்டப்பட்டது எப்போது என்று கணக்கிடலாம். ஒளிர்வு முறைக் காலக்கணிப்பு என்பது இதுவே. ஒரு முனியறையின் சுவர்க் கல்லைப் புதையல் ஆசையால் ஒருவன் பெயர்த்துப் பார்த்துவிட்டு மீண்டும் நட்டுவைத்தாலும், அந்த நொடியிலேயே கடிகாரம் தொடக்கத்திற்குத் திரும்பிவிடுகிறது. கல் நிற்கும், காலம் போய்விடும். பிறகு எந்த அறிஞராலும் அந்த மண்ணிலிருந்து பழைய வயதைப் படிக்க முடியாது.

இன்று இது முன்னெப்போதையும்விட முக்கியமாகியுள்ளது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த கரிமச் சான்று, அங்கே இரும்பு கி.மு. 2172 அளவிலேயே பயன்பாட்டில் இருந்ததைக் காட்டுவதாகத் தமிழ்நாடு அரசு 2022-இல் அறிவித்தது. தென்னாட்டு இரும்புக் காலத்தின் தொடக்கம் இன்று மறு ஆய்வில் இருக்கிறது. இத்தகைய தருணத்தில், கலையாமல் நிற்கும் ஒவ்வொரு கல்திட்டையும் வழக்கில் சாட்சி சொல்ல வேண்டிய ஒருவரைப் போன்றது. சாட்சியை இழந்த வழக்கு என்ன ஆகும் என்பதை அலுவலர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

சந்தன மரமும் முனியறையும்

மறையூர் என்றதும் பலர் நினைவுக்கு முதலில் வருவது சந்தனம். கேரளத்தில் சந்தன மரம் காடாக இயற்கையில் வளரும் இடம் இதுவே. தனித்து நின்று தழைக்காத மரம் அது. பிற செடிகளின் வேர்களைப் பற்றி ஊட்டம் பெறுவது. வைரம் பாய்வதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். 2000-த்தை ஒட்டிய ஆண்டுகளில் மறையூரில் சந்தனத் திருட்டு மிகுந்திருந்தது. பின்னர் காட்டைச் சுற்றிக் கம்பி வேலி எழுந்தது, காவல் பெருகியது, மரங்கள் எண்ணப்பட்டன. இன்று சாலையில் செல்லும் எவரும் வேலிக்குப் பின்னால் எண் பொறித்த சந்தன மரங்களைக் காணலாம். விழுந்த மரத்தின் வேர்த் துண்டும் கிடங்கில் எடை போடப்பட்டு ஏலத்திற்கு வருகிறது. அரசு மனம் வைத்தால், எளிதில் எட்டும் ஒரு காட்டில் மரத்துக்கு மரம் கணக்கு வைத்துக் காக்க முடியும் என்பதற்கு மறையூர் ஓர் எடுத்துக்காட்டு. அதற்காக உழைத்த வனத்துறையினரையும் பழங்குடிக் காவலர்களையும் பாராட்ட வேண்டும்.

அதே மறையூரில் நான் முனியறைகளைக் காணச் சென்றபோது கண்டது வேறு. சில கல்திட்டைகள் கட்டிய நாளில் நின்றதுபோலவே நின்றன. சிலவற்றின் மூடுகல் பிளந்து உள்ளே விழுந்திருந்தது. சிலவற்றில் ஒரு பக்கக் கல்லைக் காணோம். ஒன்றின் மேல் இளைஞர் நால்வர் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். இன்னொன்றின் சுவரில் இருவர் பெயரும், இடையே அம்பு பாய்ந்த இதயமும் வெள்ளைச் சாயத்தால் தீட்டப்பட்டிருந்தன. அவர்கள் தீயவர்கள் என்று நான் எண்ணவில்லை. அது என்ன என்று அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை, அவ்வளவே.

சந்தன மரத்தைக் கிலோ கணக்கில் விற்கலாம்; ஆகவே அதற்கு வேலி கிடைத்தது. முனியறைக்குச் சந்தையில் விலை கிடையாது. ஆகவே அது பார்ப்பாரற்று நின்றது. சிந்தித்துப் பாருங்கள். வெட்டிய சந்தனத்தின் இடத்தில் விதை ஊன்றினால், நம் பேரன் காலத்திலாவது மீண்டும் சந்தனம் கிடைக்கும். உடைந்த முனியறையின் இடத்தில் எதை ஊன்றுவது? மீண்டும் வளர்க்க முடிந்ததற்கு வேலியும், ஒருமுறை போனால் திரும்பாததற்குத் திறந்த வெளியும் என்பது நமது முறையாக இருத்தல் தகுமா?

சட்டம் சொல்வது

சட்டம் இல்லை என்று எவரும் கூற முடியாது. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம், பழமையான நினைவுச்சின்னம் என்பதன் இலக்கணத்தில் மனிதரை அடக்கம் செய்த இடங்களையும் குகைகளையும் ஒற்றைக் கல்லாலான சின்னங்களையும் சேர்த்துள்ளது. நூறாண்டுப் பழமை இருந்தால் போதும். 2010-இல் செய்த திருத்தத்தின்படி, தேசிய முக்கியத்துவம் உடையதாக அறிவிக்கப்பட்ட சின்னத்தைச் சிதைப்போர்க்கு இரண்டாண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மாநில அளவில் தமிழ்நாட்டிற்கு 1966-ஆம் ஆண்டின் சட்டமும், கேரளத்திற்கு 1968-ஆம் ஆண்டின் சட்டமும் உள்ளன. அரசியலமைப்பின் 51-ஏ பிரிவு, நமது கூட்டுப் பண்பாட்டின் வளமான மரபைப் போற்றிக் காப்பதைக் குடிமக்கள் ஒவ்வொருவரின் அடிப்படைக் கடமையாக விதிக்கிறது.

எனினும் நடைமுறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. இச்சட்டங்கள் அறிவிக்கை செய்யப்பட்ட சின்னத்திற்கே முழுப் பாதுகாப்பு அளிக்கின்றன. அறிவிக்கை செய்வதற்கு நில அளவை எண் வேண்டும், எல்லை வேண்டும், உரியவர் யார் என்ற விவரம் வேண்டும். ஒரு கோயிலுக்கோ கோட்டைக்கோ இது எளிது. நாலைந்து கிலோமீட்டர்ப் பரப்பில், காட்டிலும் புறம்போக்கிலும் பட்டா நிலத்திலும் சிதறிக் கிடக்கும் கற்களுக்கு இது எளிதன்று. மறையூர் போன்ற இடங்களில் ஒரு கல்திட்டைக்கும் அடுத்த கல்திட்டைக்கும் இடையே வழிப்பாதை போகும், கரும்பு வயல் வரும், வீடு வரும். மக்களின் வாழ்வும் அங்கேதான் நடக்கிறது. வீட்டுக்கு ஒரு சுவர் எழுப்பவும் தடை வருமோ என்று அஞ்சும் குடியானவன், தன் நிலத்திலுள்ள கல்லைப் பற்றி அரசுக்குச் சொல்ல முன்வர மாட்டான். இரவோடிரவாக அதை அகற்றிவிடவும் கூடும். அவனது அச்சத்தைப் போக்காமல் நாம் எழுப்பும் எந்த வேலியும் நிலைக்காது.

செய்யத் தக்கவை

முதலாவதாக, கணக்கெடுப்பு. சந்தன மரத்துக்கு எண் இட்ட நாம் முனியறைக்கும் எண் இட வேண்டும். கல்லின் மேல் சாயம் பூசி அன்று, பதிவேட்டில். ஒவ்வொன்றின் இருப்பிடக் குறியீடு, அளவு, நிலைமை, நான்கு திசைப் புகைப்படம் ஆகியவற்றை ஒரு தாளில் அடக்கலாம். நினைவுச்சின்னங்களுக்கும் தொல்பொருள்களுக்குமான தேசிய இயக்கம் 2007-இல் தொடங்கப்பட்டபோது இத்தகைய பதிவுகளுக்கான படிவங்கள் வகுக்கப்பட்டன. வரலாறு பயிலும் மாணவர்கள் தொல்லியலாரின் வழிகாட்டலில் விடுமுறை நாட்களில் இப்பணியைச் செய்ய இயலும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்கு இதைவிட நல்ல வேலை வேறென்ன?

இரண்டாவதாக, அந்தப் பதிவேடு வருவாய்த் துறையின் நிலப் பதிவேட்டோடும் ஊராட்சியின் கட்டட அனுமதிக் கோப்போடும் இணைய வேண்டும். பெரும்பாலான அழிவு, கெட்ட எண்ணத்தால் நிகழ்வதில்லை. கோப்பில் ஒரு வரி இல்லாததால் நிகழ்கிறது. சாலையை அகலப்படுத்தும் பொறியாளரின் வரைபடத்தில் கல்திட்டை ஒரு புள்ளியாகவேனும் இருந்தால், அவர் சாலையை ஐந்து மீட்டர் தள்ளி வளைப்பார். புள்ளி இல்லையென்றால் அது அவருக்கு வெறும் கல்.

மூன்றாவதாக, உள்ளூர் மக்களுக்குப் பங்கு. மறையூர் வெல்லத்திற்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரே விளைபொருளுக்கு மதிப்புத் தரும் என்பதை மறையூர்க் கரும்பு விவசாயிகள் அறிந்திருக்கின்றனர். 1984-இல் அறிவிக்கப்பட்ட சின்னாறு வனவிலங்குச் சரணாலயத்தில் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகளாகப் பணியாற்றி வருகின்றனர். முனியறைகளைக் காண வருவோர்க்கும் இத்தகைய பயிற்சி பெற்ற வழிகாட்டி உடன்வர வேண்டும். அவருக்குக் கிடைக்கும் ஊதியமே சிறந்த வேலியாக அமையும். தன் நிலத்தில் கல்திட்டை உடையவர்க்குப் பராமரிப்புத் தொகையும் பாராட்டும் கிடைக்குமானால், அவர் அதனைச் சுமையாகக் கருத மாட்டார்.

இவை ஆகாத காரியங்கள் அல்ல. தென் கொரியாவில் கோச்சாங், ஹ்வாசுன், கங்ஹ்வா ஆகிய மூன்று இடங்களின் கல்திட்டைகள் 2000-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கல்வெட்டும் சிற்பமும் இல்லாத வெறும் கற்பலகைகளை அந்நாடு உலகின் முன் பெருமையோடு நிறுத்தியது. நம் நாட்டிலும் ஹிரேபெணகல் 2021-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றுள்ளது. மறையூருக்கு இன்னொரு தனிச்சிறப்பும் உண்டு. 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்கள் இயற்கை மரபாக உலகப் பட்டியலில் சேர்ந்தபோது, மறையூரை அடுத்த சின்னாறு சரணாலயமும் அவற்றுள் ஒன்றாயிற்று. காட்டின் மதிப்பை உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. அக்காட்டின் ஓரத்தில் முன்னோர் நட்ட கல்லின் மதிப்பை நாம் ஒப்புக்கொள்ள வேண்டியது எஞ்சியிருக்கிறது.

காணச் செல்வோர்க்கு

இவ்வளவும் கேட்டபின் உங்களுள் சிலரேனும் மறையூர் செல்வீர்கள் என்று நம்புகிறேன்; செல்ல வேண்டும் என்பதே என் விருப்பமும். காணாத ஒன்றைக் காக்க எவரும் முன்வருவதில்லை. செல்லும்போது சிலவற்றை நினைவில் கொள்ளுங்கள். கல்திட்டையின் மேல் ஏற வேண்டா. மூடுகல்லின் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே புகுந்து மண்ணைக் கிளற வேண்டா. நான் சொன்ன கடிகாரத்தை நினையுங்கள். கீழே கிடக்கும் பானை ஓட்டை நினைவுப் பொருளாக எடுத்து வர வேண்டா. இருந்த இடத்தை விட்டு நீங்கினால் அது பேசாது. பாறை ஓவியம் தெளிவாகத் தெரியட்டும் என்று அதன் மேல் நீர் தெளிப்பதோ, சுண்ணக்கட்டியால் கோடு வரைவதோ கூடாது. காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியோடு மட்டுமே செல்லுங்கள். அந்தி சாயும் வேளையில் பாறை மேல் நின்று பாம்பாற்றுப் பள்ளத்தாக்கை ஒருமுறை நோக்குங்கள். தம் இறந்தோர்க்கு அந்த இடத்தைத் தேர்ந்தவர்கள் நம்மைப் போலவே ஓர் இடத்தின் அழகை அறிந்தவர்கள் என்பது அப்போது விளங்கும்.

அன்பார்ந்த நண்பர்களே! வளர்ச்சி என்ற சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகிறோம். சாலையும் அணையும் பள்ளியும் மருத்துவமனையும் வளர்ச்சியின் அடையாளங்கள் என்பதில் ஐயமில்லை. மறையூர் மக்களுக்கும் அவையெல்லாம் வேண்டும். ஆயினும், தம்மிடம் மிஞ்சியிருந்த தானியத்தையும் உழைப்பையும் இறந்துபோன ஒருவரின் நினைவுக்காகச் செலவிட்ட அந்தப் பழைய சமுதாயம், பயன் என்பதை நம்மைவிடச் சற்று அகலமாக எண்ணியிருக்கிறது. அவர்கள் கையில் இரும்பு உளியும் கயிறும் மரத்தடியும் மட்டுமே இருந்தன. அவற்றைக் கொண்டு அவர்கள் நிறுத்திய கல் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நின்றது. நம் கையில் சட்டம் இருக்கிறது, அளவைக் கருவி இருக்கிறது, துறைகள் இருக்கின்றன. அடுத்த தலைமுறை வரையிலேனும் அந்தக் கல்லை நிற்கச் செய்வது நம்மால் ஆகாத செயலன்று.

இன்று இங்கு அமர்ந்திருக்கும் அலுவலர்களுள் எவரேனும் நாளைக்கு ஒரு சாலைத் திட்டக் கோப்பைத் திறக்கும்போது, அந்நிலத்தில் பழைய கல் ஏதேனும் உண்டா என்று ஒரு வினாவை எழுதி அனுப்பினால், மாணவர்களுள் எவரேனும் தம் ஊர்ப் புறம்போக்கில் கவனிப்பாரற்று நிற்கும் ஒரு கல்லைப் படமெடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்தால், இந்த உரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கருதுவேன்.